நினைவில் இல்லாத ஒரு விடிகாலை

என் கணவர் வெளியூர் கிளம்புவதற்கு முதல் நாள் இரவு எங்கள் வீட்டில் சண்டை நடக்கும். அவருக்குப் பம்ப்செட் கம்பெனியில் சர்வீஸ் வேலை. மாதம் இரண்டு தடவையாவது ராஜமுந்திரி, ஹூப்ளி என்று போய் வருவார். சண்டைக்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டியதில்லை. துவைத்த சட்டையை யார் மடிப்பது, சிலிண்டருக்குச் சொல்லியாச்சா, அவருடைய அக்கா போனில் என்ன சொன்னார், ஏதாவது ஒன்று போதும். பதினோரு மணிக்குள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுவோம். விடிகாலையில் அவர் குளிக்கும் சத்தம், பையின் ஜிப் இழுபடும் சத்தம் எல்லாம் கேட்கும். நான் தூங்குவது மாதிரியே கிடப்பேன். வாசல் கதவு சாத்தியதும் அழுகை வரும்.

பதினோரு வருடம் இப்படித்தான் போனது. இதில் ஒரு ஒழுங்கு இருப்பதை முதலில் கவனித்தவர் அவர்தான். கொரோனா ஊரடங்கு முடிந்து 2021ல் மறுபடி டூர் ஆரம்பித்த சமயம். "நான் எங்கயும் போகாம வீட்டோட இருந்த அத்தனை மாசமும் நாம இப்படிச் சண்டையே போடல, கவனிச்சியா?" என்று கேட்டார். எனக்கு அடிவயிறு கலங்கியது. அவர் சொன்னது உண்மை.

அதற்கு முன்பே ஒரு கவுன்சலரிடம் போயிருக்கிறேன். மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார், தூக்கம் சரியானது. சண்டை மட்டும் போகவில்லை. அப்புறம்தான் உளப்பகுப்பாய்வு, அதாவது மனதில் மறைந்து கிடப்பதைப் பேசிப் பேசிப் புரிந்துகொள்ளும் முறையில் பயிற்சி பெற்ற ஒரு அம்மையாரிடம் சேர்ந்தேன். கோயம்புத்தூரிலேயேதான். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் ஐம்பது நிமிடம், மூன்றரை வருடம். நீளமான காலம், செலவும் கம்மியில்லை. என் மாமியார் கேட்டார்: "பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது?" இந்தக் கேள்வியை அவருக்கு முன்னும் பின்னும் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

என்னிடம் ஒரு நினைவு உண்டு. சின்ன வயதிலிருந்தே உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் என் அம்மாச்சியின் கிராமம். திண்ணையில் ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். பச்சைப் பாவாடை, கையில் பாதி தின்ற பால்கோவா. எதிரே பஸ் கிளம்புகிறது, ஜன்னலோரம் அம்மா. அந்தப் பெண் அழவில்லை, பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இதை நான் யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை. மூன்றே முக்கால் வயதில் என்னை அம்மாச்சி வீட்டில் விட்டார்கள், ஒரு வருடத்துக்கு மேல் அங்கே இருந்தேன் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. நம் ஊரில் இது அதிசயமும் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் பிள்ளை அம்மாச்சி வீட்டுக்குப் போகும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கூடவே, நான் ரொம்பச் சேட்டை செய்ததால்தான் கொண்டுபோய் விட்டார்கள் என்றும் உள்ளூர நம்பியிருந்தேன். அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை.

சிகிச்சையின் ஏழாம் மாதம். மே மாதத்தில் மூன்று வாரம் விடுமுறை என்று மேடம் முன்கூட்டியே சொன்னார். "சரிங்க மேடம்" என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அடுத்த வாரம் அவருக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு செய்தி எழுதினேன். இந்தச் சிகிச்சையால் எந்தப் பலனும் இல்லை, பணம்தான் வீண், நீங்கள் சரியாகக் கவனிப்பதே இல்லை, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலையில்தான், கணவரோடு போடும் அதே சண்டையை இவரிடமும் போட்டிருக்கிறேன் என்று உறைத்தது. ஆளும் இடமும்தான் வேறு.

"வந்து இதையே பேசலாமே" என்று ஒரு வரியில் பதில் அனுப்பியிருந்தார். போனேன். அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாக என் பழைய நாளைப் பற்றி ஒரு யூகம் சொன்னார். சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நான் ஒண்ணு யோசிச்சுப் பாக்கறேன். தப்பா இருக்கலாம். அம்மா கிளம்பினப்போ நீங்க முழிச்சிருந்தீங்களா? ஒருவேளை நீங்க தூங்கிட்டிருந்த நேரத்துல சொல்லாம கிளம்பியிருந்தா? நீங்க எழுந்து பாத்தப்போ அம்மா இல்லை. யாராவது ஊருக்குக் கிளம்பறாங்கன்னா, அவங்க உங்களை விட்டுப் போறதுக்கு முன்னாடி நீங்க அவங்களை அனுப்பிடறீங்க. இந்தத் தடவை சொல்லாம போகறதுக்கு யாருக்கும் வாய்ப்பு கொடுக்கறதில்லை."

எனக்குக் கோபம் வந்தது. "இல்லைங்க மேடம், நான் பாத்தேன். பஸ்ஸே ஞாபகம் இருக்கு" என்றேன். அவர் வாதாடவில்லை, "சரி" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த அமர்வில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு வாசனை வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்றை மடித்துத் தலையணைமேல் போட்டுத்தான் தூங்குகிறேன், ஏன் என்று யோசித்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடிக்கும் முன்னே தொண்டை அடைத்தது. கோரைப்பாய், பக்கத்தில் சூடு ஆறின வெற்றிடம், கன்னத்துக்கு அடியில் சேலை. இதை நினைவு என்று சொல்ல மாட்டேன், படமாக எதுவும் வரவில்லை. உடம்பு மட்டும் எங்கேயோ போய் வந்தது.

மறந்துபோன பழைய நாளை இப்படி யூகித்துக் கட்டிப் பார்க்கும் வேலைக்கு மறுகட்டுமானம் என்று பெயர். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் ஃபிராய்டு 1937ல், தன் 81ஆவது வயதில், இதற்கென்றே தனியாக ஒரு கட்டுரை எழுதினார். சிகிச்சை செய்பவரை அகழாய்வு செய்பவரோடு ஒப்பிட்டார்: மிஞ்சியிருக்கும் அடித்தளத்தை வைத்துச் சுவரை ஊகிப்பதுபோல, கனவுத் துண்டுகள், பேச்சின் போக்கு, திரும்பத் திரும்பச் செய்கிற காரியம் ஆகியவற்றை வைத்து மறந்துபோன காலத்தை எழுப்பிப் பார்ப்பது. கீழடிக்குப் போய் அந்தச் செங்கல் கட்டுமானத்தையும் உறைகிணற்றையும் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசத்தை அவரே சொல்கிறார். அகழாய்வில் கட்டடத்தை எழுப்பிக் காட்டியதும் வேலை முடிந்தது. இங்கே அது வெறும் தொடக்கம். இன்னொன்றும் சொல்கிறார்: யூகத்தைக் கேட்டவர் "ஆமாம்" என்றாலும் "இல்லை" என்றாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அதன் பிறகு புதிதாக என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். என் "இல்லை"க்குப் பின்னால் சேலை வந்தது.

எல்லா யூகமும் பலித்ததாக எண்ண வேண்டாம். அம்மாச்சி கண்டிப்பானவராக இருந்திருப்பாரோ, அங்கே அழவே பயந்திருப்பீர்களோ என்று இன்னொரு நாள் மேடம் கேட்டார். இல்லவே இல்லை, அம்மாச்சி என்னை இடுப்பிலிருந்து இறக்கியதே கிடையாது என்றேன். அதன் பிறகு புதிதாக எதுவும் வரவில்லை, கனவும் இல்லை, கண்ணீரும் இல்லை. மேடம் அதை அன்றோடு விட்டுவிட்டார். அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

நான் செய்த பெரிய தப்பை இங்கே சொல்லிவிட வேண்டும். சேலை விஷயம் வந்த அதே வாரம், ராத்திரி ஒன்பதரை மணிக்கு அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பில் "என்னைத் தூங்க வச்சிட்டு ஏம்மா சொல்லாமப் போனே?" என்று கேட்டேன். "யாருடி இதெல்லாம் உனக்குச் சொல்றது? நான் எப்ப உன்னை விட்டுட்டுப் போனேன்?" என்று அம்மா போனை வைத்துவிட்டார். இரண்டு வாரம் பேச்சில்லை. சிகிச்சையில் கிடைப்பதைச் சூடு ஆறும் முன்பே பெற்றவர்கள் முன் குற்றப்பத்திரிகையாக நீட்டாதீர்கள். அது அப்போது வெறும் யூகம், உங்களுக்கே இன்னும் சரியாகச் செரிக்காத ஒன்று. கேட்பவருக்கோ தீர்ப்பு வாசிப்பது மாதிரி இருக்கும். கேட்க வேண்டுமென்றால் பக்கவாட்டிலிருந்து கேளுங்கள். "அப்ப நாம எந்த வீட்ல இருந்தோம்? அம்மாச்சி ஊருக்கு எப்படிப் போவீங்க?" இந்த மாதிரிச் சாதாரணக் கேள்விக்குத்தான் பதில் வரும்.

எனக்கு அப்படிப் பதில் சொன்னது சித்தி. ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காலத்தில் பஸ்ஸெல்லாம் எப்படி என்றுதான் கேட்டேன். "பஸ்ஸா? அப்ப நம்ம ஊருக்குள்ள ஏது பஸ்ஸு? விலக்குல இறங்கி ஒண்ணரை மைல் நடக்கணும். நீ ஆறாப்பு படிக்கிறப்பத்தான் ஊருக்குள்ள பஸ் விட்டான்" என்றார். அப்படியென்றால் திண்ணையிலிருந்து நான் பஸ்ஸைப் பார்த்திருக்கவே முடியாது. மெல்ல அடுத்ததைக் கேட்டேன். "உங்க அம்மா விடியக்காலையில முதல் பஸ்ஸுக்குப் போனா. நீ தூங்கிட்டிருந்தே. எழுப்பினா அழுவேன்னு சொல்லாமப் போயிட்டா. அன்னைக்குப் பூரா நீ வாசல்லயே உக்காந்திருந்தே, ஒரு பேச்சுப் பேசல."

முப்பது வருடமாக நான் பத்திரமாக வைத்திருந்த அந்தப் பஸ் எங்கிருந்து வந்தது? மாதம் ஒரு தடவை அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து பார்க்க வருவார்கள், வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கி வருவார்கள். பால்கோவா அந்த வருகைகளில் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். பஸ் பிற்காலத்துக் கோடை விடுமுறையிலிருந்து. பாவாடை ஏதாவது போட்டோவிலிருந்தாகக்கூட இருக்கலாம். எல்லாம் சேர்ந்து ஒரே காட்சியாகி, இல்லாத ஒரு காட்சியின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பார்க்க எதுவுமே இல்லாத ஒரு விடிகாலையைவிட, அம்மா போவதைப் பார்த்தேன் என்ற காட்சி அந்தக் குழந்தைக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

இதை மேடத்திடம் சொன்னபோது அவர் ஒன்றைக் காட்டிக்கொடுத்தார். அந்த நினைவில் நான் என்னையே வெளியிலிருந்து பார்க்கிறேன். பாவாடையின் நிறம் தெரிகிறது, நிற்கிற தோரணை தெரிகிறது. என் கண் வழியாகப் பார்த்திருந்தால் என்னையே எப்படிப் பார்த்திருப்பேன்? ஃபிராய்டு இதை 1899லேயே எழுதியிருக்கிறார். இப்படித் தன்னையே ஒரு ஆளாகப் பார்க்கும் பால்ய நினைவு பிற்காலத்தில் திருத்தி எழுதப்பட்டதற்கு அடையாளம் என்றார். இந்த வகை நினைவைத் திரை நினைவு என்பார்கள். மூடவும் செய்யும், எதை மூடுகிறது என்று காட்டவும் செய்யும். உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால் பொய் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் எது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதே பெரிய வேலை, பலன் தரும் வேலை.

சித்தி சொன்னதையும் நான் சாசனமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அப்போது பதினெட்டு வயதுதான். அவருடைய நினைவும் எத்தனையோ முறை சொல்லிச் சொல்லி உருண்டு வந்ததுதான். பெரியவர்களுக்கு எட்டுகிற மிகப் பழைய நினைவே சராசரியாக மூன்று, மூன்றரை வயதை ஒட்டியது என்கிறார்கள். நான் அந்த எல்லையிலேயே இருந்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, அழுத்திச் சொல்ல வேண்டும். நடக்காத ஒன்றை நடந்ததாக நம்ப வைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். 24 பேரிடம், சின்ன வயதில் கடைவீதி வளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு கற்பனைச் சம்பவத்தை, குடும்பத்தார் சொன்ன உண்மைச் சம்பவங்களோடு கலந்து கொடுத்தார்கள். ஆறு பேர் அது தங்களுக்கு முழுதாகவோ அரைகுறையாகவோ நினைவிருப்பதாகச் சொன்னார்கள். 1980களிலும் 90களிலும் அங்கே "மீட்கப்பட்ட நினைவு" என்ற பெயரில், ஹிப்னாடிசம், வற்புறுத்தல் மூலம் வரவழைத்த நினைவுகளால் குடும்பங்கள் உடைந்து கோர்ட் வரை போயின. ஃபிராய்டும் இதற்கு விலக்கில்லை. 1910 முதல் 1914 வரை அவரிடம் சிகிச்சை பெற்ற ரஷ்யரான செர்கேய் பங்கேயெவ், நான்கு வயதில் கண்ட ஓநாய்க் கனவைச் சொன்னார். அதை வைத்து ஒன்றரை வயதில் அவர் பெற்றோரின் படுக்கையறையில் ஒரு காட்சியைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஃபிராய்டு கட்டினார். அப்படி ஒரு காட்சி தனக்கு நினைவுக்கு வரவே இல்லை என்று பங்கேயெவ் தன் முதுமையில் ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார்.

ஆகவே, முதல் சந்திப்பிலேயே "உங்களுக்குச் சின்ன வயசுல இன்னது நடந்திருக்கு" என்று அடித்துச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் இல்லை என்றால், மறுப்பதே அதற்குச் சாட்சி என்று மடக்குபவரிடமிருந்தும். நிஜமாகவே கொடுமை அனுபவித்தவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதை நம்ப வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் பெரும்பாலும் அதை மறந்தவர்கள் இல்லை, சொல்ல ஆள் கிடைக்காதவர்கள். நான் பேசுவது யாரோ ஒருவர் இன்னொருவர் வாயில் நினைவைத் திணிப்பதைப் பற்றி. மருத்துவ உளவியலாளர் என்று பலகை வைத்திருப்பவரென்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா, உளப்பகுப்பாய்வில் தனியாகப் பயிற்சி எடுத்தாரா என்று தயங்காமல் கேளுங்கள். நான் கேட்டேன். மேடம் முகம் சுளிக்கவில்லை.

இன்னொன்று. பழசு கிளம்பும் காலத்தில் ராத்திரிகள் கடினமாக இருக்கும். எனக்கு மூன்று மாதம் அப்படி இருந்தது. வாரத்தில் மற்ற ஐந்து நாள் யாரிடம் பேசலாம் என்று முன்பே யோசித்து வையுங்கள். அந்த நேரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

சரி, இத்தனையும் தெரிந்துவிட்டது. சண்டை நின்றதா? நிற்கவில்லை. சித்தியிடம் பேசிவிட்டு வந்த பத்தாவது நாள் என் கணவர் விஜயவாடா கிளம்பினார், முதல் நாள் இரவு காய்ந்த துணியை வைத்துச் சண்டை போட்டேன். எனக்குப் பெரிய ஏமாற்றம். காரணம் தெரிந்தும் கை வாய் நிற்கவில்லையே என்று மேடத்திடம் அழுதேன். இந்த ஏமாற்றம் பலருக்கும் வரும், பாதியில் விட்டுப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் போகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதைப் பற்றி இந்தத் துறைக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்திருக்கிறது. பழைய நினைவு திரும்புவதால் யாரும் குணமாவதில்லை, மற்றவரோடு இருக்கும் விதம் மாறுவதால்தான் குணமாகிறார்கள் என்று லண்டனைச் சேர்ந்த உளப்பகுப்பாய்வாளர் பீட்டர் ஃபோனகி 1999ல் எழுதினார். சின்ன வயதில் படிந்தது சைக்கிள் ஓட்டுவது மாதிரிப் பழக்கமாகத்தான் இருக்கும், கதையாக இருக்காது என்பது அவர் வாதம். கடந்த காலத்தைக் கட்டி எழுப்பாமல் நிகழ்காலத்தை மட்டும் பேசினால் அந்த ஆளின் வாழ்க்கையே விடுபட்டுப்போகும் என்று ஹெரால்ட் பிளம் என்ற அமெரிக்கர் மறுத்தார். என் அனுபவத்தில் இரண்டும் வேண்டியிருந்தது. மேடம் எடுத்த அடுத்தடுத்த விடுமுறைகள்தான் என்னை மாற்றின. ஒவ்வொரு தடவையும் போவதற்கு முன்னால் நான் கோபப்படுவேன், அதை அங்கேயே பேசுவோம், அவர் போவார், சொன்ன தேதியில் திரும்பி வருவார். ஐந்து தடவை. ஆனால் அந்த விடிகாலையைப் பற்றிய யூகம் இல்லாமல் இருந்திருந்தால், எனக்கு என்னுடைய கோபம் வெறும் கெட்ட குணமாகத்தான் தெரிந்திருக்கும். ஒரு கெட்ட குணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, திட்டிக்கொள்ளத்தான் முடியும். தூங்கி எழுந்து பாயில் கை நீட்டித் தேடிய ஒரு குழந்தையிடம் அப்படி நடந்துகொள்ள முடியவில்லை.

அம்மா அதற்குப் பிறகு தானாகவே பேசினார். போன் சண்டை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மதுரை வீட்டில் இருவரும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. காம்பை உருவிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னார். அப்போது அவர் ஏழு மாதம். படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளை தங்கவில்லை, செத்துப் பிறந்தது, பையன். "ஒரு மாசத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்னுதான் விட்டேன். அப்புறம் என்னால எந்திரிக்கவே முடியல. உடம்பு சரியாயிருச்சு. ஆனா எந்திரிக்க முடியல." பிறகு, "அன்னைக்கு உன்னை எழுப்பியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்டி" என்றார். முறத்தில் கீரை குவிந்துகொண்டிருந்தது. நான் அவர் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பையனுக்குப் பெயர் வைத்திருந்தார்களா என்று கேட்டேன். வைத்திருந்தார்கள்.

போன மாதம் என் கணவர் ஹூப்ளி கிளம்பினார். முதல் நாள் இரவு புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் செய்துகொண்டிருந்தேன். எட்டு மணிக்கு வழக்கம்போல உள்ளே சுர்ரென்று ஏறியது. சார்ஜரை எங்கே வைத்தாய் என்று அவர் கேட்ட தொனிகூடப் போதுமானதாக இருந்தது. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, "என்னங்க, காலையில என்னை எழுப்பிச் சொல்லிட்டுப் போங்க" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "நாலு மணிக்கா? தூக்கம் கெடுமே" என்றார். "கெட்டாப் பரவால்ல."

நாலே காலுக்குத் தோளைத் தொட்டு எழுப்பினார். குளித்த ஈரம் கையில் இருந்தது. "கிளம்பறேன்மா, வியாழக்கிழமை வந்துருவேன்" என்றார். வாசல் வரை போனேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் ஆட்டோ திரும்பும் வரை நின்றுவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.